திருச்சியிலேயே இருந்துவிட்டவரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாற்றலாகி வருகிறவர்கள், இங்கே பெண் கொடுத்தவர்கள், சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்து வீடு கட்டலாமா என்று யோசிக்கிற மச்சினர் என்று ஆளுக்கு ஆள் போனில் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரே பதிலைச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

முதலில், நீங்கள் யார்? எத்தனை வருஷமாக இருக்கிறீர்கள்?

பிறந்தது 1963-ல், பொன்மலை ரயில்வே காலனியில். அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். கல்யாணத்துக்குப் பிறகு உறையூரில் பதினெட்டு வருஷம், அப்புறம் திருவானைக்கோவில். நடுவில் மூன்று வருஷம் சென்னையில் வேலை பார்த்தேன். அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு கல்லூரி அலுவலகத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன். இந்த ஊரைப் பற்றிப் பேச எனக்கு வேறு தகுதி கிடையாது.

திருச்சியில் அப்படி என்னதான் இருக்கிறது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் அநேகமாக ஐம்பது தடவை திருச்சிக்கு வந்திருப்பார்கள். ஆனால் பஸ் ஸ்டாண்டைத் தாண்டியிருக்க மாட்டார்கள். சென்னையிலிருந்து தெற்கே போகிறவர்கள் ராத்திரி இரண்டு மணிக்குக் கண் விழித்து, "திருச்சியா?" என்று கேட்டுவிட்டு மறுபடி தூங்கிவிடுவார்கள். மதுரை 135 கிலோமீட்டர், தஞ்சாவூர் 55, கரூர் 80, சென்னை 330. எல்லா ஊருக்கும் நடுவில் இருப்பதால் எல்லோருக்கும் இது வண்டி மாறுகிற ஊர்.

எங்கள் குறைகள் பாதி இதிலிருந்து வந்தவை. நல்லது பாதியும் இதிலிருந்து வந்ததுதான். கும்பகோணத்தில் கல்யாணம், திண்டுக்கல்லில் துக்கம், ஈரோட்டில் கிரகப்பிரவேசம் எதுவானாலும் காலையில் கிளம்பிப் போய்த் தலையைக் காட்டிவிட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். சொந்தக்காரர்கள் அதிகம் உள்ளவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் அந்தச் சொந்தக்காரர்கள் எங்கே போவதானாலும் நம் வீட்டில் ஒரு வாய் காப்பி சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். அதையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெயில் உண்மையிலேயே அவ்வளவு மோசமா?

ஆமாம்.

ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தாண்டுவது செய்தியே இல்லை. கடல் இல்லை, பக்கத்தில் பெரிய மலை இல்லை, ஊருக்கு நடுவில் ஒரு பாறை. பகலெல்லாம் காய்ந்த மொட்டைமாடி ராத்திரி பத்து மணிக்கும் காலைச் சுடும். பதினோரு மணிக்குள் வெளி வேலையை முடித்துவிட்டு நான்கரை வரைக்கும் வீட்டுக்குள் அடைந்து கிடப்பதுதான் இங்கே வழக்கம். வந்த புதிதில் அதைச் சோம்பேறித்தனம் என்று நினைப்பீர்கள். முதல் கோடையிலேயே சரியாகிவிடும்.

உறையூரில் வெக்காளியம்மன் கோயிலுக்குப் போனால் கவனியுங்கள்: கருவறைக்கு மேலே கூரை கிடையாது. மண்மாரியில் ஊரே வீடிழந்து நின்றபோது, கடைசி ஆளுக்கும் வீடு கிடைக்கிறவரை எனக்கும் கூரை வேண்டாம் என்று அம்மன் சொன்னதாகக் கதை. மே மாத மத்தியானத்தில் அவள் அங்கே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் நமக்குப் புகார் சொல்ல வாய் வராது.

தண்ணீர்க் கஷ்டம் உண்டா?

மற்ற ஊர்க்காரர்களோடு பேசும்போது நாங்கள் கொஞ்சம் தலை நிமிர்த்துகிற விஷயம் இது ஒன்றுதான். சென்னையில் நான் இருந்த மூன்று வருஷமும் லாரிக்குக் குடத்தோடு காத்திருந்தவன். திருச்சியில் காவிரி காய்ந்து மணலாகக் கிடக்கும் மாதத்திலும் குழாயில் தண்ணீர் வருகிறது. ஆற்றுப்படுகையில் பெரிய கிணறுகள் இறக்கி, மணலுக்கு அடியில் ஓடுகிற தண்ணீரை எடுக்கிறார்கள். கம்பரசம்பேட்டைப் பக்கம் போனால் ஆற்றுக்குள்ளே கோபுரம் மாதிரி நிற்பது அதுதான். மேலே பார்த்தால் ஆடு மேயும், கீழே ஆறு ஓடிக்கொண்டிருக்கும்.

திருவானைக்கோவிலில் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஜம்புகேசுவரர் கோயில். பஞ்சபூதத் தலங்களில் அதுதான் நீர்த்தலம். லிங்கத்தைச் சுற்றி எப்போதும் ஊற்று ஊறிக்கொண்டே இருக்கும். கோடையில் அந்தக் கசிவைப் பார்த்தே நிலத்தடி நீர் எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுவார் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர். அவர் கணக்கு சரியா தப்பா என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

ஆனால் இந்தப் பெருமையை ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா என்று எனக்குச் சந்தேகம். கொள்ளிடத்தில் எத்தனை வருஷம் எத்தனை லாரி மணல் போயிற்று என்று இரு கரையிலும் இருப்பவர்களுக்குத் தெரியும். தண்ணீரைப் பிடித்து வைப்பதே அந்த மணல்தான். ஆடிப் பதினெட்டுக்கு அம்மா மண்டபம் படித்துறையில் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். புதுமணப் பெண்கள் தாலிக்கயிறு மாற்றிக்கொள்வார்கள்; காதோலை கருகமணி, காப்பரிசி வைத்துக் கும்பிடுவார்கள். ஆறு வறண்ட சில வருஷங்களில் அதே படித்துறையில் ஷவர் வைத்துக் குளிக்க ஏற்பாடு செய்தார்கள். ஆற்றங்கரையில் ஷவரில் குளித்த தலைமுறை நாங்கள்தான்.

அப்போது வெள்ளம் வராதா?

வரும். காய்ந்த ஆற்றைப் பார்த்து ஏமாறக்கூடாது.

1977 நவம்பரில் ஒரு பெருவெள்ளம். எனக்குப் பதினான்கு வயது. பொன்மலை மேடு என்பதால் நாங்கள் தப்பித்தோம். உறையூரிலிருந்து பெரியப்பா குடும்பம் ஒரு வாரம் எங்கள் குவார்ட்டர்ஸில் படுத்திருந்தது. 2005-ல் அதே உறையூரில் நான் குடியிருந்தேன். இந்த முறை என் வீட்டுக்குள் முழங்கால் அளவு. கிரைண்டர் மோட்டார் போயிற்று, பையனின் புத்தகம் எல்லாம் போயிற்று, கல்யாண ஆல்பத்தை மட்டும் பரணில் போட்டு வைத்ததால் தப்பித்தது.

ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ஊருக்குள் தண்ணீர் வருவது காவிரி கரை புரண்டு மட்டும் இல்லை. தெற்கேயிருந்து வருகிற கோரையாறு, குடமுருட்டி, நடுவில் மேற்கேயிருந்து வருகிற உய்யக்கொண்டான் வாய்க்கால் என்று சின்ன ஆறுகள்தான் ஆளைக் கவிழ்ப்பவை. காவிரி நிரம்பி ஓடினால் அவற்றுக்கு வடிய இடமில்லை; திரும்பித் தெருவுக்குள் வந்துவிடும். உய்யக்கொண்டான் சோழர் காலத்து வாய்க்கால். பெயரே "பிழைக்க வைத்தவன்" என்கிற பொருளில்தான் இருக்கிறது. இன்றைக்கு ஊருக்குள் அதன் கரையில் நடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. இதைச் செய்தது சோழனும் இல்லை, வெள்ளைக்காரனும் இல்லை. நம் வீட்டுச் சாக்கடைதான்.

பாலம், பாலம் என்று ஏன் எல்லோரும் புலம்புகிறார்கள்?

காவிரி, கொள்ளிடம் என்று இரண்டு ஆற்றுக்கு நடுவில் ஸ்ரீரங்கமும் திருவானைக்கோவிலும் தீவு. மருத்துவமனை, பள்ளிக்கூடம், ஜவுளிக்கடை எல்லாம் அக்கரையில். ஆகவே எங்கள் வாழ்க்கையே பாலத்தில் தொங்குகிறது.

சிந்தாமணியையும் மாம்பழச்சாலையையும் இணைக்கிற காவிரிப் பாலம் 1976-ல் வந்தது. 2022 செப்டம்பரில் அதைச் சரிசெய்ய மூடினார்கள். 2023 மார்ச்சில்தான் திறந்தார்கள். அந்த ஆறு மாதம் தீவுக்காரர்களிடம் கேட்டுப்பாருங்கள். பத்து நிமிஷத்தில் போய்விடுகிற சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு ஓயாமரி வழியாகச் சுற்றி முக்கால் மணி நேரம். ஓயாமரியில் சுடுகாடு இருக்கிறது. "செத்தால்தான் அந்தப் பக்கம் போவோம் என்று இருந்தேன், தினமும் போகவைத்துவிட்டார்கள்" என்று என் மனைவி சொன்னது எங்கள் தெருவில் பிரபலம். இப்போது பழைய பாலத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு பாலத்துக்கு வேலையைத் தொடங்கியிருக்கிறார்கள்.

2018 ஆகஸ்ட் இன்னொரு கதை. பல வருஷத்துக்குப் பிறகு இரண்டு ஆறும் நிறைந்து ஓடியது. ஊரே குடும்பத்தோடு கரையில் நின்று வேடிக்கை பார்த்தது, நானும்தான். அந்த மகிழ்ச்சி அடங்குவதற்குள் கொள்ளிடத்தில் 1928-ல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்து ஒரு பகுதி ஆற்றில் விழுந்தது. நல்லவேளை, பக்கத்தில் புதுப் பாலம் வந்துவிட்டதால் அதில் வண்டி போகவில்லை. சில நாளில், காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற முக்கொம்பில், கொள்ளிடப் பக்கத்து மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. அது ஆர்தர் காட்டன் 1830-களில் கட்டியது. பள்ளிக்கூடத்தில் சுற்றுலா என்றால் முக்கொம்பு, கல்யாணமான புதிதில் முக்கொம்பு, பேரப்பிள்ளைகளோடு முக்கொம்பு என்று வாழ்ந்தவர்கள் நாங்கள். சாவு வீட்டுக்குப் போகிற மாதிரி சாரிசாரியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். பிறகு கொஞ்சம் தள்ளிப் புதுக் கதவணை கட்டினார்கள்.

ஆறில்லாத இடத்திலும் எங்களுக்குப் பாலப் பிரச்சனை உண்டு. ஜங்ஷன் மேம்பாலத்தின் ஒரு கை மன்னார்புரம் பக்கம் போக வேண்டியது. ஒரு ஏக்கருக்கும் குறைவான இராணுவ நிலம் கைக்கு வராமல் வருஷக்கணக்கில் அந்தரத்தில் நின்றது. வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்து இது என்ன சிற்பமா என்று கேட்பார்கள். 2023-ல் ஒருவழியாகத் தரை தொட்டது.

டவுன் பஸ் எப்படி?

நிறைய உண்டு. சத்திரத்துக்கும் ஜங்ஷனுக்கும் நடுவில் பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஸ்ரீரங்கம் போகிற 1-ம் நம்பர் பஸ் ராத்திரியும் ஓடும்.

தனியார் டவுன் பஸ்களும் அரசு பஸ்களும் ஒரே சாலையில் ஓடுவதால், ஒரே நிறுத்தத்தில் நிற்கிற நான்கு பயணிகளுக்காக இரண்டு டிரைவர்கள் போடுகிற போட்டியை நீங்கள் பின்னால் ஸ்கூட்டரில் வரும்போது உணர்வீர்கள். அந்த ஹார்ன் சத்தம் காது வழியாக அல்ல, விலா எலும்பு வழியாகக் கேட்கும். உள்ளே உட்கார்ந்திருந்தால் நல்ல பாட்டு போட்டிருப்பார்கள், நேரத்துக்குக் கொண்டுபோய் விடுவார்கள். ஆகவே தனியார் பஸ் நல்லதா கெட்டதா என்பது நீங்கள் உள்ளே இருக்கிறீர்களா வெளியே இருக்கிறீர்களா என்பதைப் பொறுத்தது.

குப்பை? ஒரு காலத்தில் சுத்தமான ஊர் என்று பெயர் வாங்கியதாமே?

வாங்கியது. மத்திய அரசின் தூய்மைக் கணக்கெடுப்பில் 2016-ல் நாட்டிலேயே 3-ம் இடம், அடுத்த வருஷம் 6-ம் இடம். 2020-ல் நூறைத் தாண்டிவிட்டது. நடுவில் ஊர் ஒன்றும் திடீரென்று அசிங்கமாகிவிடவில்லை. போட்டிக்கு வருகிற ஊர்கள் கூடின, மார்க் போடுகிற விதம் மாறியது. நேர்மையாகச் சொன்னால், 3-ம் இடத்தில் இருந்தபோதும் அரியமங்கலம் குப்பைமேடு அங்கேயேதான் இருந்தது. நாற்பத்தேழு ஏக்கர் சொச்சம். தீப்பிடித்தால் பொன்மலைப் பக்கம் வரைக்கும் புகை வரும். என் அம்மா ஜன்னலைச் சாத்திவிட்டு ஈரத்துணியைத் தொங்கவிடுவார். சில வருஷங்களாக அந்தப் பழைய குப்பையைச் சலித்துப் பிரிக்கிறார்கள். மலை குறைந்திருக்கிறது என்பதைத் தஞ்சாவூர் ரோட்டில் போகும்போது கண்ணாலேயே பார்க்கலாம்.

காந்தி மார்க்கெட் தனி விவகாரம். ஊருக்கு நடுவில் மொத்தக் காய்கறி வியாபாரம், ராத்திரி முழுக்க லாரி. வெளியே கள்ளிக்குடியில் பெரிய வளாகம் கட்டிப் பார்த்தார்கள், வியாபாரிகள் போகவில்லை. தூரம், கூலியாள் கிடைப்பது, கடை அளவு என்று அவர்களுக்கு நூறு காரணம். நான் யார் பக்கம் என்று கேட்டால், காலை ஆறு மணிக்குப் பை தூக்கிக்கொண்டு போய்த் தொட்டியம் வாழைப்பழமும் இளம் கீரையும் வாங்கி வருகிறவன் என்ற முறையில் மார்க்கெட் பக்கம். ஒன்பது மணிக்கு அதே சாலையில் ஆம்புலன்ஸ் நிற்பதைப் பார்த்தால் மாறிவிடுவேன்.

வேலை கிடைக்குமா?

எந்த வேலை என்பதைப் பொறுத்தது. பெரிய கணினிக் கம்பெனிச் சம்பளம் வேண்டுமென்றால் பெங்களூர் ரயில் இருக்கிறது. நவல்பட்டில் ஐடி பார்க் உண்டு, ஆனால் அதை நம்பி வீட்டுக் கடன் வாங்கியவர்களைவிட, பையனைச் சென்னைக்கு அனுப்பியவர்கள்தான் அதிகம்.

இது இரும்பு ஊர். ரயில்வே ஒர்க்‌ஷாப் 1928-ல் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்தது. என் சின்ன வயதில் ஒர்க்‌ஷாப் சங்கு ஊதினால்தான் அடுப்பிலிருந்து குழம்பு இறங்கும். எங்கள் தெருவில் கடிகாரம் இல்லாத வீடுகள் இருந்தன, சங்கு கேட்காத வீடு இல்லை. ஊட்டி மலை ரயிலுக்குப் புது நீராவி எஞ்சின் வேண்டும் என்றபோது, நீராவிக் காலம் முடிந்து எத்தனையோ வருஷம் கழித்து, அதைச் செய்து கொடுத்தது இந்தப் பொன்மலை ஒர்க்‌ஷாப்தான். அப்பா உயிரோடு இருந்திருந்தால் தெருமுழுக்கச் சொல்லியிருப்பார். 1946 செப்டம்பர் 5-ம் தேதி வேலைநிறுத்தத்தின்போது சங்கத் திடலில் துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளிகள் செத்தார்கள். அதையும் வருஷம் தவறாமல் சொல்லுவார்.

அப்புறம் திருவெறும்பூரில் மத்திய அரசின் பாய்லர் தொழிற்சாலையான பெல் வந்தது, 1965-ல் உற்பத்தி தொடங்கியது. அடுத்த வருஷம் துப்பாக்கித் தொழிற்சாலை. "பெல் மாப்பிள்ளை" என்றால் ஜாதகம்கூடப் பார்க்க வேண்டாம் என்று இருந்த காலம் உண்டு. பெல்லைச் சுற்றித் துவாக்குடி வரைக்கும் பாய்லர் பாகம் செய்கிற பட்டறைகள் முளைத்தன. வெல்டிங் ஆராய்ச்சி நிலையமே இங்கேதான் வைத்தார்கள். அனல் மின் நிலைய ஆர்டர்கள் குறைந்தபோது முதலில் இருட்டானது அந்தப் பட்டறைகள்தான். பட்டறை வைத்திருந்த என் நண்பர் ஒருவர் மெஷினை ஒவ்வொன்றாக விற்றுவிட்டு, அந்த ஷெட்டைக் கல்யாண சாமான் குடோனுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்.

வெல்டிங் தெரிந்த பையன்கள் விமானம் ஏறுகிறார்கள். பெரிய கம்பெனி இல்லாத ஊருக்கு எப்படி இவ்வளவு பெரிய விமான நிலையம் என்று கேட்பார்கள். புதுக்கோட்டை, பெரம்பலூர், அரியலூர், தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர்களின் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா சம்பளம்தான் அதை நடத்துகிறது. 2024 ஜனவரியில் 1,100 கோடிக்கு மேல் செலவழித்த புது முனையத்தைத் திறந்தார்கள். உள்ளே ஸ்ரீரங்கத்துக் கோபுரத்தையும் கோலத்தையும் வரைந்து வைத்திருக்கிறார்கள், அழகாகத்தான் இருக்கிறது. வாசலில் பழைய காட்சியே: ஒரு வேனில் பதினைந்து பேர் வந்து, உள்ளே போகிற ஒருவனைப் பார்த்து அழுதுகொண்டிருப்பார்கள்.

பிள்ளைகள் படிப்புக்கு?

கவலையே வேண்டாம். செயின்ட் ஜோசப், ஜமால் முகமது, என்.ஐ.டி., பாரதிதாசன் பல்கலைக்கழகம், ஐ.ஐ.எம். என்று எல்லாம் இருக்கிறது. அப்துல் கலாம் படித்தது செயின்ட் ஜோசப்பில். படித்து முடித்தபின் பிள்ளைகள் இங்கே இருப்பார்களா என்பதுதான் கவலை.

திருச்சி தலைநகராகி இருக்க வேண்டியதாமே?

1983-ல் எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்தபோது அந்தப் பேச்சு வந்தது. நடுவில் இருக்கிற ஊர், தண்ணீர் உள்ள ஊர் என்றார்கள். எதிர்ப்பும் வந்தது, திட்டம் நின்றது. அந்த ஆண்டு கே.கே. நகர்ப் பக்கம் மனை வாங்கிப் போட்ட எங்கள் சித்தப்பா பத்து வருஷம் அதைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். இப்போது அவர் பேரன் அதில் மூன்று மாடி கட்டியிருக்கிறான். தலைநகர் வராமலே விலை ஏறிவிட்டது.

வந்திருக்கலாமா? என்னைக் கேட்டால் வராததே நல்லது. ஆனால் "வரப்போகிறது" என்பதிலேயே வாழப் பழகிவிட்ட ஊர் இது. தலைநகர், அப்புறம் ஐடி, அப்புறம் மெட்ரோ என்று எப்போதும் ஏதோ ஒன்று வரப்போகும். ரியல் எஸ்டேட் நோட்டீஸைப் பார்த்தால் திருச்சி ஒரு பெரிய வெளிநாட்டு நகரம். வெளியே வந்து பார்த்தால் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய பள்ளம்.

வீடு எங்கே பார்க்கலாம்?

தில்லைநகர் வசதி, மருத்துவமனைகள் பக்கம், வாடகை அதற்கேற்ப. கே.கே. நகர், எடமலைப்பட்டி புதூர்ப் பக்கம் புது வீடுகள் கிடைக்கும். 2005-ல் தண்ணீர் எதுவரை வந்தது என்று பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள், புரோக்கரிடம் கேட்க வேண்டாம். ஸ்ரீரங்கம் என்றால் வைகுண்ட ஏகாதசிக்கு வீட்டுக்குப் போகவே அடையாளம் காட்ட வேண்டியிருக்கும். எங்கள் திருவானைக்கோவில் நன்றாகத்தான் இருக்கிறது, நான் அதைச் சொன்னால் வாடகை ஏறும்.

மதுரை, கோவையோடு ஒப்பிட்டால்?

மதுரைக்காரருக்கு ஊர்ப்பெருமை உண்டு, கோவைக்காரருக்கு மரியாதையும் குளிரும் உண்டு. திருச்சிக்காரனை வெளியூரில் பேச்சை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. எந்த ஊர் என்று கேட்டால் "திருச்சி" என்போம், "திருச்சியில் எங்கே?" என்று தொடர்ந்து கேட்பார்கள், அவர்களுடைய அத்தை ஒருத்தர் இங்கே இருப்பார். இதற்கு மேல் எங்களுக்குள் சண்டை இழுக்க முடியாது. நாங்கள் ஊரைத் திட்டுவதில் கெட்டிக்காரர்கள். அந்த வேலையை வெளியாட்கள் செய்தால்தான் பிடிக்காது.

சாப்பாடு?

திருவானைக்கோவில் நெய் தோசைக்கு வரிசையில் நிற்பார்கள். நான் நிற்பதில்லை, காலை ஆறரைக்கே போய்விடுவேன். மணப்பாறை முறுக்கு 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது. ஆனால் பஸ் ஜன்னலில் நீட்டுவதெல்லாம் மணப்பாறை முறுக்கு இல்லை. மெயின்கார்டு கேட் பக்கம் பழைய ஐஸ்கிரீம் கடையில் நின்றபடியே சாப்பிடுங்கள். பிரியாணிக்கு நத்தர்ஷா பள்ளிவாசல் பக்கம். இவ்வளவு போதும், மற்றதை நீங்களே கண்டுபிடித்துச் சண்டை போடுங்கள்.

சாயங்காலம் பொழுது எப்படிப் போகும்?

தெப்பக்குளத்தைச் சுற்றி ஒரு நடை. ஒரு பக்கம் மலைக்கோட்டை, எதிர்ப்பக்கம் லூர்து அன்னை கோயிலின் ஊசிக் கோபுரம், நடுவில் செருப்பும் சீப்பும் விற்கிற நடைபாதைக் கடைகள். தீபாவளிக்கு முந்தின வாரம் மட்டும் என்.எஸ்.பி. ரோட்டுப் பக்கம் போகாதீர்கள். போய்விட்டால் உங்கள் காலால் நடக்க வேண்டியதில்லை, கூட்டமே கொண்டுபோகும்.

மலைக்கோட்டை ஏறியிருக்கிறீர்களா என்று கூடவே கேட்பார்கள். விருந்தாளி வரும்போதெல்லாம் ஏறியிருக்கிறேன். நானூறுக்கும் மேற்பட்ட படிகள்; ஐம்பது வயதுக்குப் பிறகு தாயுமானவர் சந்நிதியோடு நின்றுகொண்டு, "நீங்கள் உச்சிப் பிள்ளையாரைப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று அனுப்பிவிடுகிறேன்.

ஊரே சேர்ந்து ஒரு காரியம் செய்து நான் பார்த்தது 2024 அக்டோபர் 11. சாயங்காலம் ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானம் ஹைட்ராலிக் கோளாறால் இறங்க முடியாமல் எரிபொருளைத் தீர்க்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானத்தில் வட்டமடித்தது. உள்ளே 141 பயணிகள். மொட்டைமாடி, டீக்கடை, பாலம் எல்லா இடத்திலும் எல்லோரும் அண்ணாந்து பார்த்தபடி நின்றோம். அது ஒவ்வொரு முறை கோபுரத்துக்கு மேல் வந்து திரும்பும்போதும் எங்கள் தெருவில் யாரும் பேசவில்லை. எட்டேகால் மணிக்குப் பத்திரமாக இறங்கியது என்று தெரிந்ததும் எதிர்வீட்டம்மா, நான் யாரென்றே தெரியாத மாதிரி இதுவரை இருந்தவர், ஒரு தட்டு கேசரி கொண்டுவந்து கொடுத்தார். மறுநாளிலிருந்து மறுபடியும் வாசலில் வண்டி நிறுத்துவதற்குச் சண்டைதான்.

விட்டுப் போக நினைத்ததுண்டா?

2005 வெள்ளத்துக்குப் பிறகு ஒரு மாதம். பையன் பெங்களூருக்கு வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டபோது ஒரு வாரம். அங்கே போய்ப் பார்த்தோம். நல்ல குளிர். நான்காம் நாள் என் மனைவி, "இங்கே எந்தப் பக்கம் ஆறு இருக்கிறது என்றே தெரியவில்லை, திசையே பிடிபட மாட்டேன் என்கிறது" என்றாள். ஐந்தாம் நாள் ரயிலேறிவிட்டோம்.

சரி, வருகிறேன். எங்கே இறங்க வேண்டும்?

இதற்குப் பதில் மாறிவிட்டது, கவனமாகப் படியுங்கள். 2025 ஜூலையிலிருந்து வெளியூர் பஸ்கள் பஞ்சப்பூர் புது நிலையத்துக்கு வருகின்றன. பெரியதாக, ஏசியும் எஸ்கலேட்டருமாக நன்றாக இருக்கிறது. ஊரின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் பஞ்சப்பூரில்தான், எப்போதாவது மூக்கில் பட்டால் பயப்பட வேண்டாம். அங்கிருந்து பழைய மத்தியப் பஸ் ஸ்டாண்டுக்கே ஏழெட்டுக் கிலோமீட்டர். ஆட்டோக்காரர் முதலில் சொல்கிற தொகையைக் கேட்டுத் திரும்பி ஊருக்குப் போய்விடாதீர்கள். டவுன் பஸ் இருக்கிறது. சத்திரத்தில் இறங்கி, ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறி, திருவானைக்கோவில் நிறுத்தம் என்று சொல்லுங்கள். சென்னையிலிருந்து வருவதானால் டிரைவரிடம் சொல்லிவைத்து பைபாஸிலேயே திருவானைக்கோவில் திரும்பும் இடத்தில் இறங்கிக்கொள்ளலாம், ராத்திரியானால் போன் போடுங்கள், ஸ்கூட்டரோடு வந்து நிற்கிறேன்.